1,399 டொலர் பந்தயத்தின் கணக்கு

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1984 முதல் இன்றைய வடிவில் நடந்து வரும் 'ஜெபர்டி' பொது அறிவுப் போட்டியில் 32 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, 24 இலட்சத்து 62 ஆயிரத்து 216 டொலர் சேர்த்தவர் ஜேம்ஸ் ஹோல்ட்ஸ்ஹவர். 2019 ஜூன் 3ஆம் திகதி ஒளிபரப்பான ஆட்டத்தில் அவர் தோற்றார். கடைசிக் கேள்விக்கு அவர் வைத்த தொகை வெறும் 1,399 டொலர். இவ்வளவு பெரிய கையாக ஆடியவர் இப்படிச் சில்லறை வைப்பாரா, வேண்டுமென்றே விட்டுக் கொடுத்துவிட்டார் என்று அப்போது பலர் பேசினார்கள். தாளும் பேனாவும் எடுத்து நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு டொலர் கூடப் பிசகாத கணக்கு அது. வியாபாரிகளாகிய நாம் பார்க்க வேண்டிய கணக்கு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டின் விதியைச் சொல்லிவிடுகிறேன். நமது சிரச லக்ஷபதி போல ஒருவர் தனியாக உட்கார்ந்து பதில் சொல்வதல்ல இது. மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். கடைசிக் கேள்விக்கு முன் அது எந்தத் துறை என்பதை மட்டும் சொல்வார்கள். கேள்வியைப் பார்க்கும் முன்பே, அதுவரை சேர்த்ததில் எவ்வளவை வைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். பதில் சரியென்றால் அத்தொகை கூடும், பிழையென்றால் கழியும். முதலாமவர் மட்டுமே சேர்த்த பணத்தைக் கொண்டு போவார். மற்ற இருவருக்கும் நிர்ணயித்த சிறு தொகைதான், அது 2019இல் 2,000 டொலரும் 1,000 டொலரும். (சொந்தப் பணத்தை யாரும் வைப்பதில்லை. ஆனாலும் இதன் மார்க்க நிலையை உலமாக்கள் சொல்லட்டும். நான் எடுத்துக் கொள்வது எண்கணிதத்தை மட்டும்தான்.)

அன்று கடைசிக் கேள்விக்கு முன் சிக்காகோ பல்கலைக்கழக நூலகர் எம்மா பெட்ச்சரிடம் 26,600, ஹோல்ட்ஸ்ஹவரிடம் 23,400, மூன்றாமவரிடம் 11,000 டொலர் இருந்தன. ஹோல்ட்ஸ்ஹவர் எல்லாவற்றையும் வைத்துச் சரியாகச் சொன்னால் 46,800 வரும். எம்மா அதை முந்த வேண்டுமானால் 46,801 வேண்டும். ஆகவே அவர் 20,201 வைத்தார். முன்னால் நிற்பவர் வைக்கும் வழக்கமான தொகை இது, ஹோல்ட்ஸ்ஹவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

இனி அவர் இடத்தில் நின்று யோசியுங்கள். எம்மா சரியாகச் சொன்னால், நீங்கள் முழுவதையும் வைத்தாலும் ஒரு டொலரால் தோல்விதான். எம்மா பிழையாகச் சொன்னால் அவரிடம் மிஞ்சுவது 6,399. அப்போது நீங்கள் ஒரு சதமும் வைக்காமலே அவருக்கு மேலே நிற்கிறீர்கள். ஆக, பெரிய தொகை வைத்து அடையக்கூடிய லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பயப்பட வேண்டிய ஆள் மூன்றாமவர்தான். அவர் இரட்டிப்பாக்கினால் 22,000. 23,400இல் 1,399ஐக் கழித்துப் பாருங்கள், 22,001. தன் பதில் பிழைத்தாலும் மூன்றாமவருக்கு மேலே ஒரு டொலர் இருக்க வேண்டும் என்றுதான் அந்தத் தொகை. கேள்வி ஷேக்ஸ்பியர் காலத்து எழுத்தாளர் மார்லோ பற்றியது. எம்மாவும் அவரும் சரியாகவே சொன்னார்கள். எம்மா 46,801, அவர் 24,799.

அதே மனிதர் ஆட்டத்தின் நடுவில் வேறு மாதிரி. பலகையில் ஒளிந்திருக்கும் சிறப்புக் கேள்வி அகப்பட்டவுடன் கையிலிருப்பது முழுவதையும் வைத்துவிடுவார். அந்தக் கேள்விக்கு அவர் ஒருவரே பதில் சொல்லலாம், விட்டாலும் மீட்பதற்கு இன்னும் எத்தனையோ கேள்விகள் பாக்கி இருக்கும். 2019 ஏப்ரல் 17இல் ஒரே ஆட்டத்தில் 131,127 டொலர் எடுத்து அவர் சாதனை வைத்தது இப்படித்தான். ஆகவே துணிச்சல்காரர், பயந்தவர் என்று ஆளை வைத்துப் பெயர் சூட்டுவது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். தொகையைத் தீர்மானிப்பது நேரமும் எதிராளியின் கையிருப்பும்தான்.

2011இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் கணினி இதே போட்டியில் இரண்டு பழைய சாம்பியன்களோடு மோதியது. அமெரிக்க நகரங்கள் பற்றிய கடைசிக் கேள்விக்கு அது கனடாவிலுள்ள டொரொன்டோ என்று எழுதியது! சரியான பதில் சிக்காகோ. சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் கையில் 36,681 டொலர் இருக்க அது வைத்தது 947 மட்டுமே. இரண்டு ஆட்டங்களின் கூட்டுத்தொகையில் 77,147 எடுத்து அதுவே வென்றது.

நம் பக்கம் பெருநாள் சரக்கு எடுக்கும்போது நடப்பதை நினைத்துப் பார்க்கிறேன். "இந்தத் துணி ஓடும், எனக்கு நிச்சயம்" என்று சொல்லி, இருப்பதெல்லாம் போட்டு, போதாததற்கு முன்திகதி காசோலையும் கொடுத்து எடுக்கிறோம். சரக்கைப் பற்றிய நிச்சயம் ஒரு கணக்கு. பக்கத்துக் கடை எவ்வளவு இறக்கியிருக்கிறது, அவருக்குப் பிழைத்தால் எனக்கு என்ன, எனக்குப் பிழைத்தால் காசோலை திகதியில் கையில் என்ன மிஞ்சும் என்பது வேறு கணக்கு. இரண்டாவதைத் தாளில் போடுபவர்களை நான் குறைவாகவே காண்கிறேன். அதிலும் அந்தப் போட்டியில் முதலாமவருக்குத்தான் பணம். தெருவில் அப்படியல்ல, மூன்றாவது கடைக்காரரும் தன் றிஸ்கைப் பெறுகிறார். அப்படியிருக்க, முதலிடம் தவிர வேறொன்றும் இல்லாதவரைப் போல ஏன் முழுவதையும் வைக்க வேண்டும்?

ஹோல்ட்ஸ்ஹவரும் எம்மாவும் 2019 நவம்பரில் சாம்பியன்களுக்கான போட்டியின் இறுதிச் சுற்றில் மறுபடி சந்தித்தார்கள். இம்முறை ஹோல்ட்ஸ்ஹவர் வென்று 250,000 டொலர் பெற்றார்.