21 இறாத்தல் துவக்கு

பதுளை நகரின் தூய மாற்கு ஆலயம் ஒரு வேட்டைக்காரரின் நினைவாகக் கட்டப்பட்டது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் இலங்கை ரைபிள் படையின் அதிகாரி. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்தவர். அவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தன் இலங்கை நூலில் எழுதினார். 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து ரோஜர்ஸ் இறந்துபோனார். யானைக் கணக்கை எல்லோரும் எழுதினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய தோள் ஒரு இடி வாங்கியிருக்குமே, அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்கலாம்.

அதற்கு வேண்டிய அளவுகளை இன்னொரு வேட்டைக்காரரான சாமுவேல் பேக்கர் தந்திருக்கிறார். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி, ஊவாவின் புல்வெளிக் காடுகள் வரை வேட்டையாடியவர். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற பட்டறையில் தனக்கென்றே செய்வித்த துவக்கின் எடை 21 இறாத்தல், அதாவது 9.5 கிலோகிராம். குழாய் 36 அங்குலம். குண்டு 85 கிராம். ஒரு வெடிக்குக் கரிமருந்து மட்டும் 28 கிராம்.

விதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். திணிவை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். குண்டு முன்னே எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, அவ்வளவு உந்தத்தோடு துவக்கு பின்னே வரும். இதுவே பின்னுதைப்பு. ஆனால் முன்னே போவது குண்டு மட்டுமல்ல. எரிந்த மருந்தின் புகையும் வாயுவும் கூடவே பாய்கின்றன, அதுவும் குண்டைவிட வேகமாக. குண்டுக்கு செக்கனுக்கு 400 மீற்றர், மருந்துக்கு 600 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், மொத்த உதையில் மூன்றில் ஒரு பங்கு மருந்தின் கைங்கரியம்! காற்றாகப் போகிறதே என்று நாம் கணக்கில் எடுக்காத பொருள் தோளை இடிக்கிறது.

விடை: துவக்கு செக்கனுக்கு ஏறக்குறைய 5.4 மீற்றர் வேகத்தில் பின்னே வருகிறது. பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் அது. அந்த மூட்டை நிலத்தில் விழாமல், பக்கவாட்டில் வந்து காறை எலும்பருகே மோதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எடையின் மகிமை தெரியும். அதே குண்டையும் மருந்தையும் பாதி எடையுள்ள துவக்கில் இட்டால், பின்வரும் வேகம் இரட்டிப்பாகும். தோளில் இறங்கும் சக்தியும் 138 யூலிலிருந்து 276 யூலாகும். பேக்கர் இரும்பைக் கூட்டியது முட்டாள்தனமல்ல, உதையைக் குறைக்க அவருக்குத் தெரிந்த மிக எளிய வழி அதுதான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது. வாயால் மருந்திடும் துவக்கில் ஒரு வெடி தீர்த்தால் உடனே மறுவெடி கிடையாது. ஆகவே பல துவக்குகள் வேண்டும், அவற்றைச் சுமக்க உள்ளூர் ஆட்கள் வேண்டும். துரையின் தோளில் குறைந்த சுமை, காடு முழுவதும் வேறொருவர் தோளில் ஏறியது.

எடைக்கும் ஒரு எல்லை உண்டு. பேக்கரே பின்னாளில் ஆபிரிக்காவுக்கு அரை இறாத்தல் குண்டு சுடும் துவக்கொன்றைக் கொண்டுபோனார். 'பீரங்கியின் பிள்ளை' என்று அங்குள்ள அரபு ஆட்கள் அதற்குப் பெயரிட்டார்கள். சுட்டால் ஆளையே சுழற்றிவிடும் என்பதால், அதைத் தொடவே பேக்கர் தயங்கினார்.

சுழற்சி ஏன்? குழாய் மேலே இருக்கிறது. தோளில் பதியும் மரப்பகுதியான பிடங்கு கீழே தாழ்ந்திருக்கிறது. உதை மேல்கோட்டில் வருகிறது, தோள் அதைக் கீழ்க்கோட்டில் தடுக்கிறது. ஆகவே குழாயின் முனை மேலெழும்ப, பிடங்கின் மேல்விளிம்பு கன்னத்தில் அறையும். பிடங்கைக் குழாயோடு நேர்கோட்டுக்கு உயர்த்தினால் உதை அதேதான். ஆனால் அது நேராகத் தோளுக்குள் போய்விடும், கன்னம் தப்பும். பிடங்கின் அடியை அகலமாக்கினால் அதே விசை கூடுதல் பரப்பில் பரவும். ஒரு கிராம்கூடக் கூட்டாமல் தச்சர் செய்யும் வேலை இது. எனக்கு இதுவே மிகப் பிடித்த தந்திரம்.

அடுத்தது தூரம். மோதும் பொருள் நிற்பதற்கு எடுக்கும் தூரத்தை இரட்டித்தால் சராசரி விசை பாதியாகும். அதற்கு நடுவில் அமுங்கும் பொருள் ஒன்று வேண்டும். பேக்கரின் இளமைக்காலத்தில் பச்சை இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை நிலைப்படுத்தும் முறைக்கு 1844இல் சார்ள்ஸ் குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1870களில் லண்டனின் சில்வர் நிறுவனம் பிடங்கின் அடியில் பொருத்தும் இறப்பர் மெத்தையை விற்கத் தொடங்கியது. இறப்பரின் விசேடம் அமுங்குவது மட்டுமல்ல. சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் நசுங்கும்போது ஒன்றோடொன்று உராய்ந்து, வாங்கிய சக்தியில் ஒரு பங்கை வெப்பமாக விழுங்கிவிடுகின்றன. மீதியைத்தான் திருப்பித் தருகின்றன. 1876இல் பிரேசில் இறப்பர் நாற்றுகள் 1,900க்கு மேல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவின் ஹேனரத்கொடவுக்கென அனுப்பப்பட்டன. இன்று ஊவாவிலேயே, மொனராகலைப் பக்கம், இறப்பர் வெட்டுகிறார்கள்.

மருந்தின் பங்கு மூன்றில் ஒன்று என்றோமல்லவா? அதைத் திருப்பிவிட்டால்? குழாயின் வாயில் பக்கத்துளைகளுள்ள ஒரு உறையைப் பொருத்தினால், முன்னே பாயும் வாயு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திரும்பி, துவக்கை முன்னே இழுக்கும். வாய்த்தடை எனலாம். இக்காலத் துவக்குகளில் இது உதையை மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைக்கும். விலை, காதைப் பிளக்கும் சத்தம். கரிமருந்தில் இது அவ்வளவாகப் பலிக்காது. எரிந்தபின் அதில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் திண்மத் துகளாகவே, அதாவது புகையாகவும் கரியாகவும் நிற்கும்.

1884இல் பிரான்சின் போல் வியேய் செய்த புகையற்ற மருந்துதான் கணக்கையே மாற்றியது. சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, உதையோ வேகத்தை மட்டும். ஆகவே சிறு குண்டை மிக வேகமாக விடுவது தோளுக்கு லாபம். ஸ்கொட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் ஆபிரிக்காவில் யானைகளைப் பெரும்பாலும் 11 கிராம் குண்டால் சுட்டார். உடலின் உள்ளமைப்பைப் படித்து, இடம் பார்த்துச் சுட்டார். மூன்றரைக் கிலோ துவக்கில் அந்த உதை ஏறக்குறைய 17 யூல். பேக்கர் வாங்கியதில் எட்டில் ஒன்று! யானைக்கு இதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

கடைசி வியப்பு மனதில் இருக்கிறது. பேக்கரின் குண்டு குழாயைக் கடக்க ஆயிரத்தில் நாலைந்து பங்கு செக்கன்தான் ஆகும். அதற்குள் துவக்கு ஒரு சென்ரிமீற்றர்கூடப் பின்னே நகராது. உடல் இடியை உணர்ந்து அசைய, அதைப்போல் இருபது முப்பது மடங்கு நேரம் வேண்டும். ஆகவே வாங்கிய உதைக்கு உடல் காட்டும் எதிர்வினை அந்தக் குண்டின் குறியை மாற்ற முடியாது. வரப்போகும் உதையைப் பற்றிய பயம் மாற்றும். பயிற்சியாளர்கள் இதைச் சோதிக்க, சுடுபவருக்குத் தெரியாமல் வெறும் தோட்டாவை இடையில் சேர்த்துவிடுவார்கள். விசையை அழுத்தியதும் 'கிளிக்' என்று மட்டும் கேட்கும். துவக்கு உதைக்காது, ஆனால் தோள் முன்னே தள்ளும், கண் மூடும், குழாய் முனை கீழே சரியும். இப்படிப் பயப்படுகிறவர்களின் காதை நன்றாக அடைத்துவிட்டாலே பலர் உதை குறைந்துவிட்டது என்பார்கள். துவக்கில் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.