சதையைக் காத்த ஊசி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 ஏப்ரல் 30 அன்று அங்கே தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்தபோது, அடிபட்டவர்களைக் கீழே சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சேர்வராயன் மலையில் பெரிய விபத்தென்றால் வழி அதுதான். அப்படி ஐ.சி.யூ.வில் சேர்பவரைப் பத்து நாள் கழித்துப் பார்க்கும் உறவினர், கட்டுப் போட்ட காலைவிட மெலிந்துபோன தோளைக் கண்டுதான் பதறுவார். “ஆளே பாதியாயிட்டாரே! சத்தா ஏதாச்சும் ஊசி போடக் கூடாதா டாக்டர்?”

வெகுளியான கேள்வி என்று சிரிக்க வேண்டாம். மருத்துவ உலகமே அந்த ஊசியைத் தேடி அலைந்திருக்கிறது.

கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் 1930களில் கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தார். நைட்ரஜன் ஏராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது. புரதம் சிதைவதன் தடயம் அது. முறிந்த இடத்துத் தசை மட்டும் கரைந்தால் இவ்வளவு வராது; உடம்பு முழுக்கவே கரைகிறது என்றார் அவர். ஒரு நாளில் 15 கிராம் நைட்ரஜன் போனால், ஏறக்குறைய அரைக் கிலோ சதை போனதாகக் கணக்கு.

அடிபட்ட உடம்பில் கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் என்ற மூன்று ஹார்மோன்களும் எகிற, இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது. தசைப் புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றைக் கொண்டு கல்லீரல் சர்க்கரையும், தொற்றைச் சமாளிக்கும் புரதங்களும் செய்கிறது; குளுட்டமின் என்ற அமினோ அமிலம் வெள்ளணுக்களுக்குத் தீனியாகிறது. பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்திச் சமைக்கிற மாதிரி.

இந்தச் செலவை நிறுத்த வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய சோதனைகளில் நைட்ரஜன் இழப்பு குறைந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஐரோப்பாவில் 500-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. முடிவு 1999-இல் வெளியானது. பின்லாந்தில் ஹார்மோன் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 20 சதவீதம். மற்ற நாடுகளில் 44-க்கு 18. நைட்ரஜன் கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் இல்லை!

காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. குளுட்டமின் தசைக்குள்ளேயே தங்கிவிட, தொற்றோடு போராட வேண்டிய அணுக்கள் பட்டினி கிடந்தன என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. உடம்பு செய்த செலவு வீண்செலவு அல்ல என்று ஆகிறதே. (வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இதே மருந்து இன்றும் நல்ல மருந்துதான்.)

ஊசி கைவிட்டதும் பார்வை உணவுக் குழாய் பக்கம் திரும்பியது. நம் ஊரில் “குளுக்கோஸ் பாட்டில் ஏத்துறாங்க” என்றாலே பாதி நிம்மதி வந்துவிடும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை, புரதம் துளியும் கிடையாது. எடையில் கிலோவுக்கு 1.3 கிராம் புரதம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 78 கிராம். மூக்குவழிக் குழாயில் அதைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். கூடவே, முடிந்தவுடன் பிசியோதெரபி. அசையாத தசை புரதத்தைப் பிடித்துவைப்பதில்லை.

இன்னும் அதிகம் கொடுத்தால்? 1,301 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 2.2 கிராமுக்குக் குறையாமல் கொடுக்க முயன்றும் அதிகம் பெற்றவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது கெடுதலாகவே முடிந்ததாகத் தெரிகிறது.