நிரந்தரத்திலிருந்து மீண்டும் தகுதிகாண் பருவத்துக்கு

சரியாகப் பாடம் நடத்தாத அரசுப் பள்ளி ஆசிரியரை என்ன செய்வது? அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் இதற்கு ஒரு சுற்றுவழி கண்டது. ஆளை நீக்க வேண்டாம், அவருடைய பணி நிலையை இறக்கினால் போதும். 2010-இல் ஆளுநர் பில் ரிட்டர் கையெழுத்திட்ட செனட் மசோதா 191 செய்தது அதைத்தான்.

அங்கே ஆசிரியர்கள் இரண்டு வகை: தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள், அதைக் கடந்தவர்கள். முதல் வகையினரின் ஒப்பந்தத்தை ஆண்டு முடிவில் கல்வி மாவட்டம் புதுப்பிக்காமல் விடலாம். தனக்குப் போதுமானதாகப் படும் எந்தக் காரணமும் போதும், விசாரணை தேவையில்லை. கடந்தவர்களை அப்படி அனுப்ப முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டவேண்டும். ஆசிரியர் எதிர்த்தால் விசாரணை அதிகாரி முன் அதை நிரூபிக்கவும் வேண்டும். நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் இரண்டு நிலைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு.

முன்பெல்லாம் மூன்று ஆண்டுகள் முடித்து, நான்காம் ஆண்டுக்கும் வேலை கிடைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு வந்துவிடும். பிறகு போகாது. புதிய சட்டப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ‘திறம்படச் செயல்படுபவர்’ என்ற மதிப்பீடு வாங்கினால்தான் அது வரும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அதற்குக் கீழே போனால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் தகுதிகாண் பருவத்துக்குத் திரும்புவார். ‘ஓரளவு திறம்பட’ என்பதும் கீழே போனதாகத்தான் கணக்கு. இரண்டாம் முறை மதிப்பீடு குறைந்தால் மேல்முறையீடு செய்யலாம். நிலை இறங்கினால் வேலை போய்விடாது; ஆனால் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் கேள்வி கேட்க வழியில்லை.

சிக்கல் அளவுகோலில்தான். மதிப்பீட்டில் பாதி, மாணவர்களின் கல்வி வளர்ச்சியைப் பொறுத்தது என்றது சட்டம். மாநிலத் தேர்வோ சில பாடங்களுக்கும் சில வகுப்புகளுக்கும் மட்டும்தான். ஓவிய ஆசிரியரையும் உடற்பயிற்சி ஆசிரியரையும் எதை வைத்து அளப்பது? பள்ளியின் மொத்த மதிப்பெண்ணில் ஒரு பங்கை அவர்கள் கணக்கில் எழுதுவதும் நடந்தது. தான் சொல்லித்தராத கணக்குப் பாடத்துக்கு ஓவிய ஆசிரியர் பொறுப்பேற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பாதியை 30 சதவீதமாகக் குறைத்தது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு எத்தனை பேர் சிக்குகிறார்கள்? இத்தகைய புதிய மதிப்பீட்டு முறைகளைக் கொண்டுவந்த 24 மாநிலங்களின் கணக்கை மேத்யூ கிராஃப்ட், அலிசன் கில்மோர் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். மிகப் பெரும்பாலான மாநிலங்களில் கடைசிப் படியில் வைக்கப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தலைமையாசிரியர்களிடம் கேட்டபோது அவர்கள் சொன்ன காரணங்கள் நடைமுறை சார்ந்தவை: குறைந்த மதிப்பீடு கொடுத்தால் ஆவணம் தயாரிக்க நேரமில்லை, முகத்துக்கு நேரே சொல்லச் சங்கடம், புதிதாக வந்தவர் தேறிவிடுவார் என்ற நம்பிக்கை, இவரை அனுப்பினால் இவரைவிட நல்லவர் கிடைப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.