பக்கத்தை வைத்திருந்தார்கள், முகவரியை வைத்திருக்கிறோம்

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை வாராவாரம் பிரித்தெடுத்து அடுக்கி, தொடர் முடிந்ததும் பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். மணியத்தின் ஓவியங்களோடு பக்கத்தின் மறுபுறத்து விளம்பரமும் அந்தத் தொகுப்பில் இருக்கும். வாங்கிய அன்று படிக்க நேரமில்லாவிட்டாலும் கவலையில்லை. பேரன் எடுத்துப் பார்க்கும்போதும் அதே பக்கம் அப்படியே இருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

இணையத்தில் படிக்கத் தொடங்கியபோது நம் கைக்குக் கிடைத்தது புக்மார்க். வங்கி, ரயில் முன்பதிவு, மின்கட்டணம் என்று திரும்பத் திரும்பப் போகும் இடங்களுக்கு அது அருமையான வசதி. ஒரே ஒரு முறை படிக்க வேண்டிய கட்டுரைகளையும் அதிலேயே போட்டோம். பட்டியல் நீண்டது. கட்டுரையையும் படிக்கவில்லை, வங்கியின் பக்கத்தையும் தேட வேண்டியதாயிற்று.

இந்தச் சிக்கலுக்கு 2007இல் நேட் வைனர் 'ரீட் இட் லேட்டர்' என்று ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு ஒரு நீட்சி செய்தார். மறு ஆண்டே மார்க்கோ ஆர்மென்ட்டின் 'இன்ஸ்டாபேப்பர்' வந்தது. படிக்க வேண்டியவை தனி வரிசைக்குப் போயின. இவ்விரண்டும் விளம்பரங்களை நீக்கி, எழுத்தை மட்டும் தெளிவாகக் காட்டின. சிக்னல் இல்லாத ரயில் பயணத்திலும் படிக்க முடிந்தது. வாசகர்களுக்கு இது பெரிய நன்மை என்றே சொல்வேன்.

ரீட் இட் லேட்டர் 2012இல் 'பாக்கெட்' ஆனது. 2017இல் ஃபயர்பாக்ஸின் மொசில்லா நிறுவனம் அதை வாங்கியது, 2025 ஜூலை 8 அன்று மூடியது. சேர்த்தவற்றைப் பதிவிறக்கியவர்களுக்குக் கிடைத்தவை தலைப்புகள், சுட்டிகள், குறிச்சொற்கள் போன்றவைதான். கட்டுரைகளின் வாசகம் அதில் இல்லை. அந்தச் சுட்டிகளையும் நம்ப முடியாது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குள் காணாமல் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது.

தமிழுக்கு இன்னொரு இடரும் உண்டு. யூனிகோடு பரவுமுன் பல தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதின. அன்று சேமித்த கோப்பு பத்திரமாக இருந்தாலும், எழுத்துரு மாற்றியில் போடாமல் படிக்க முடிவதில்லை.

ஆகவே புக்மார்க்கில் அன்றாடம் போகும் தளங்கள் மட்டும் இருக்கட்டும். படிக்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை போதும். இன்ஸ்டாபேப்பர் இன்றும் இயங்குகிறது. படித்து மனத்தில் நின்ற கட்டுரையைக் கோப்பாகவே எடுத்து வையுங்கள். 'சிங்கிள்ஃபைல்' நீட்சி முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாக்கித் தரும். கோப்பின் பெயரில் எழுதியவரையும் தேதியையும் சேர்த்தால் பிறகு தேடுவது எளிது. கூடவே 'வேபேக் மெஷின்' தளத்தில் சுட்டியைக் கொடுத்து ஒரு பிரதி பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை, மற்றவர்களும் படிக்கலாம். தனி ஆட்கள் நடத்தும் சிறு தமிழ்த் தளங்களுக்கு இதை அவசியம் செய்ய வேண்டும். தளப்பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் போனால், அங்கிருந்த கட்டுரைகள் அத்தனையும் ஒன்றாகப் போய்விடும்.