விமான எரிபொருளாகும் காட்டாமணக்கு எண்ணெய்: விவசாயிகள் நம்பி நடலாமா?

2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று பறந்தது. அதன் ஒரு எஞ்சினுக்குப் போன எரிபொருளில் 25 சதவீதம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரானது. தயாரித்தது டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனம். விதை கொடுத்தவர்கள் சத்தீஸ்கர் விவசாயிகள்.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

தாவர எண்ணெயில் ஆக்சிஜன் கலந்திருக்கிறது. சுமார் 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில், அதிக அழுத்தத்தில், வினையூக்கியின் உதவியுடன் எண்ணெயோடு ஹைட்ரஜன் வாயுவைச் சேர்ப்பார்கள். அப்போது ஆக்சிஜன் பெரும்பாலும் தண்ணீராகப் பிரிந்துவிடும். மிஞ்சுவது பெட்ரோலிய டீசலைப் போன்ற எரிபொருள். இதுவே புதுப்பிக்கத்தக்க டீசல். இதை மேலும் பக்குவப்படுத்தினால், மைனஸ் 47 டிகிரி குளிரிலும் உறையாத விமான எரிபொருள் கிடைக்கும். இந்த முறையில் தயாரித்ததை வழக்கமான விமான எரிபொருளுடன் 50 சதவீதம் வரை கலக்கலாம்.

பயோடீசல் வேறு. அது எண்ணெயுடன் மெத்தனால் சேர்த்துத் தயாரிப்பது. செக்கில் ஆட்டிய எண்ணெய் இந்த இரண்டில் எதுவும் இல்லை. அதை அப்படியே டிராக்டரிலோ டீசல் மோட்டாரிலோ ஊற்றினால் பில்டரும் நாசிலும் அடைத்துக்கொள்ளும்.

பழைய அனுபவம்

2000-க்குப் பிறகு தமிழகத்திலும் 'தரிசுக்கு ஏற்ற பணப்பயிர்' என்று காட்டாமணக்கைப் பரப்பினார்கள். தண்ணீர் இல்லாத நிலத்தில் செடி பிழைத்தது, ஆனால் காய்ப்பு சொன்ன அளவுக்கு வரவில்லை. நட்ட பலர் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்கு மாறினார்கள்.

இப்போது மீண்டும் பேச்சு எழக் காரணம் உண்டு. இந்தியாவிலிருந்து செல்லும் பன்னாட்டு விமானங்களில் இத்தகைய எரிபொருளை 2027-ல் 1 சதவீதமும் 2028-ல் 2 சதவீதமும் கலக்க மத்திய அரசு இலக்கு வைத்துள்ளது. ஆனால், ஆலைகள் பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் மூலப்பொருளாக எடுக்கின்றன. அதனால் தேவை கூடினாலும் நம் விதைக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது உறுதியில்லை.

கவனிக்க வேண்டியவை

* பயிர் விளையும் நிலத்தைக் காட்டாமணக்குக்கு ஒதுக்க வேண்டாம்.
* வரப்பு, வேலியோரம், ஓடைக்கரையில் புங்கன் நடலாம். காய்ப்புக்கு வர 4, 5 ஆண்டுகள் ஆகும். எண்ணெய் விலை போகாவிட்டாலும் தழையும் புண்ணாக்கும் உரமாகும்.
* காட்டாமணக்கு விதையும் புண்ணாக்கும் நஞ்சு. மாடு, ஆடு, குழந்தைகளிடமிருந்து விலக்கி வையுங்கள்.
* கன்று விற்க வருபவரிடம், விதையை யார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு வாங்குவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் கன்று வாங்காதீர்கள்.