செல்ஃப் எடுக்கலையா... பதறாதீங்க ஸார்!

காலை மணி நாலரை. எழும்பூரில் ஆறு மணிக்கு ரயில். பெட்டி, தண்ணீர் பாட்டில், புளியோதரை டப்பா, மாமியார்... எல்லாம் வண்டியில் ஏறியாயிற்று. சாவியைத் திருப்புகிறீர்கள்.

'டிக்... டிக்... டிக்... டிக்...'

இன்னொரு தடவை. அதே 'டிக்... டிக்...'

"போன வாரமே ஷெட்டுக்கு விடச் சொன்னேனே, கேட்டீங்களா?" என்று பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல் கிளம்புமே... அதை நிறுத்த இந்தக் கட்டுரையில் வழி எதுவும் இல்லை. வண்டியைக் கிளப்ப மட்டும்தான் இருக்கிறது.

மெக்கானிக்குக்கு போன் போட்டால் அவர் கேட்கிற முதல் கேள்வியே, "என்ன ஸார் சவுண்டு வருது?" என்பதுதான். காரணத்தோடுதான் கேட்கிறார். கிளம்ப மறுக்கிற வண்டி தன் வியாதியைத் தானே சொல்லிவிடும். நமக்குத்தான் அந்த பாஷை புரிவதில்லை. புரியாததால், சாவியைத் திருப்பு திருப்பு என்று திருப்பி, பேட்டரியில் மிச்சமிருக்கும் கரண்ட்டையும் காலி பண்ணிவிட்டுத்தான் ஓய்கிறோம்.

பாஷைப் பாடம் ரொம்ப சுலபம். சாவியை ஆன் பண்ணியும் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை என்றால், பேட்டரி அடியோடு படுத்துவிட்டது. இல்லாவிட்டால் அதன் ஒயர் கழன்றிருக்கிறது. விளக்கு எரிகிறது, ஆனால் செல்ஃப் அடித்ததும் மங்கிப்போய், 'டிக் டிக் டிக்' என்று படபடவென்று சத்தம் வருகிறதா? பேட்டரிக்கு உயிர் இருக்கிறது, மோட்டாரைச் சுழற்றத்தான் தெம்பில்லை. 'டக்' என்று கனமாக ஒரே ஒரு சத்தம், விளக்கோ பளிச்சென்று எரிகிறது என்றால், பெரும்பாலும் செல்ஃப் மோட்டாரில் கோளாறு. இது ஷெட் கேஸ். 'க்ர்ர்ர்... க்ர்ர்ர்...' என்று இன்ஜின் ஜோராகச் சுழன்றும் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது. பெட்ரோலோ, ஸ்பார்க்கோ வந்து சேரவில்லை.

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அற்பக் காரணங்களைப் பார்த்துவிடுவது மானத்துக்கு நல்லது. ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவர் 'பி'யிலோ 'என்'னிலோ இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்காது. இப்போது வரும் பல வண்டிகளில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் எடுக்கும். கிளட்ச்சுக்கு அடியில் கால்மிதி சுருண்டு கிடந்தாலே போதும், வண்டி தர்ணா பண்ணிவிடும்! பட்டன் ஸ்டார்ட் என்றால், ரிமோட் சாவிக்குள் இருக்கிற பொத்தான் சைஸ் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சாவியை அந்த ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். நிறைய வண்டிகள் கிளம்பிவிடும். சாவியே திரும்பவில்லையா? ஸ்டீயரிங் லாக் ஆகியிருக்கிறது. ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துக்கொண்டே திருப்புங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா? இப்போது பானெட்டைத் திறக்கலாம். திறந்த மறு நிமிஷம் எதிர் ஃப்ளாட் ரிட்டயர்டு தாசில்தார், பால்காரர், வாக்கிங் போகிறவர் என்று ஒரு நிபுணர் குழு கூடிவிடும். "கார்புரேட்டரைக் கழட்டி ஊதுங்க" என்பார் தாசில்தார். அவர் ஓட்டிய காலத்து அம்பாஸடரில் கார்புரேட்டர் இருந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கிளம்பும். மாருதி 800 வந்த 1983-ல்கூட சோக்கைப் பிடித்து இழுத்தோம். அம்பாஸடர், மாருதி 800 இரண்டுமே 2014-ல் தயாரிப்பு நின்றுபோயின. இன்றைய பெட்ரோல் வண்டியில் கார்புரேட்டர் கிடையாது, எல்லாம் இன்ஜெக்ஷன். ஆகவே ஊதுவதற்கு ஒன்றுமில்லை. தாசில்தாருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேரே பேட்டரிக்குப் போங்கள்.

முதலில் அதன் இரண்டு டெர்மினல்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? கையால் அசைத்தால் ஆடுகிறதா? பாதி வண்டிகளின் 'பேட்டரி அவுட்டு ஸார்' பஞ்சாயத்து இந்த உப்பில்தான் இருக்கிறது. பேட்டரி நன்றாகவே இருக்கும். கரண்ட் வெளியே வர வழி இருக்காது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். இந்த வரிசை சாஸ்திரத்துக்காக இல்லை. வண்டியின் உடம்பு முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. ப்ளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை எங்காவது தகரத்தில் பட்டால், தீபாவளிதான். ஸ்பேனரே பழுத்துவிடும். கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு பொங்கி வந்துவிடும். நன்றாகத் துடைத்து, இறுக்கமாக மாட்டி, மேலே கொஞ்சம் வேசலின் தடவினால் சீக்கிரத்தில் மறுபடி பூக்காது. மூடி திறக்கிற ரக பேட்டரியாக இருந்தால் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். 'நம்ம வீட்டு ஆர்.ஓ. தண்ணி சுத்தமானதுதானே' என்று ஊற்றக் கூடாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது.

சில நூறு ரூபாய்க்கு மல்ட்டிமீட்டர் கிடைக்கிறது. வாங்கி வைத்தால் பேட்டரிக் கடையில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் பட்டினி. வண்டியை ஸ்டார்ட் பண்ணியபின் பார்த்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதும் 12-லேயே நிற்கிறதென்றால் குற்றவாளி பேட்டரி இல்லை. சார்ஜ் போடுகிற ஆல்டர்னேட்டர். நம் ஷெட்களில் இன்னமும் அதை 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள். இது தெரியாமல் புது பேட்டரி வாங்கி மாட்டியவர்கள், ஒரே வாரத்தில் மறுபடி தெருவில் நின்று தள்ளிக்கொண்டிருப்பார்கள். பல ஆயிரம் ரூபாய் தண்டம்!

பேட்டரி படுத்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியையும் ஜம்பர் கேபிளையும் தருகிறார். இங்கேதான் நிதானம் தேவை. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். தப்பான இடத்தில் ஒரு பொறி பறந்தால் பேட்டரி வெடித்து, ஆசிட் முகத்தில் தெறிக்கும். கண் போகிற விவகாரம் என்பதால் வரிசையை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டையும் ஆஃப் செய்துவிடுங்கள். சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் ப்ளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸில். கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனையை மட்டும் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது. பேட்டரியிலிருந்து தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு கெட்டியான இரும்புப் பாகத்தில் மாட்டுங்கள். கடைசியாக மாட்டுகிற இடத்தில்தான் பொறி வரும். அந்த இடம் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றுதான் இந்த ஏற்பாடு. நல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணி நாலைந்து நிமிஷம் ஓட விட்டு, பிறகு உங்கள் செல்ஃபை அடியுங்கள். கிளம்பியதும், மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்றுங்கள். வேடிக்கை பார்ப்பவர் கையில் சிகரெட் இருந்தால் அவரை முதலில் கழற்றிவிடுங்கள்.

கேபிள் இல்லையா? நிபுணர் குழுவுக்கு வேலை கொடுங்கள். சாவி ஆனில் இருக்கட்டும், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி தள்ளச் சொல்லி, வேகம் பிடித்ததும் சட்டென்று கிளட்ச்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் மறுபடி கிளட்ச்சை மிதிக்க மறந்தால் முன்னால் நிற்கிற ஸ்கூட்டருக்குச் சேதம். இன்னொன்று, இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி கனக்கும். ஆகவே ஆளில்லாத ரோடாக இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பாது.

இனி, இன்ஜின் சுழன்றும் பிடிக்காத கேஸ். சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பி, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின் ஸீட் பக்கமிருந்து 'ஊம்ம்...' என்று இரண்டு விநாடி முனகல் கேட்டால் பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது. (மாமியார் அந்த நேரம் பேசாமல் இருக்க வேண்டும்!) கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ் பெட்டியில் பம்ப்புக்கான ஃப்யூஸைப் பாருங்கள். மூடியின் உள்பக்கம் எந்த ஃப்யூஸ் எதற்கு என்று பெரும்பாலும் போட்டிருக்கும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ் மாற்றலாம். பத்துக்குப் பதில் முப்பது போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டிச் செருகுவதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை. டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தால், வண்டி உங்களைத் திருடன் என்று நினைக்கிறது; இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். டீசல் வண்டியில் சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு வரும். அது அணைந்தபின் செல்ஃப் அடிக்க வேண்டும். எதுவானாலும் பத்து விநாடிக்கு மேல் விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிஷம் இடைவெளி கொடுங்கள், மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

செல்ஃபைத் தொடவே கூடாத சமயம் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வீட்டு வாசலிலேயே வண்டிகள் முழுகி நின்றன. தண்ணீர் வடிந்ததும், 'ஓடுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பத்தான் யாருக்கும் கை வரும். காற்றுக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருப்பலில் கதை முடிந்தது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வருகிற பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அப்புறம் இன்ஜினைப் பிரித்தாக வேண்டும், செலவு லட்சத்தைத் தொடும். வெள்ளத்தில் நின்ற வண்டியை நாமே ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனால், சாதாரண இன்ஷூரன்ஸில் அதற்குப் பணம் வாங்குவது குதிரைக் கொம்பு. 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். டயரின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் வண்டிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, பட்ட அனுபவம்!

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால் இந்த வம்புகளில் பாதி வராது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். கூலன்ட் டப்பாவை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஓடி நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் பீய்ச்சியடித்து முகம் வெந்துபோகும். அதில் போர் தண்ணீர் ஊற்றினால் நம் வீட்டு ஹீட்டருக்குள் படிகிற அதே உப்பு அங்கேயும் படியும். டயர் காற்றழுத்தம் எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும். டயரில் அச்சடித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்சம், அந்த அளவுக்கு அடிக்கச் சொல்லாதீர்கள். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள். ஏர் ஃபில்டர் இரண்டு மூன்று கிளிப்பில் கழன்று வரும். தரையில் தட்டித் தூசியை உதறி மாட்டலாம், கறுத்துப்போயிருந்தால் புதுசு போடலாம். இதற்கு ஷெட்டில் லேபர் சார்ஜ் கொடுப்பது அநியாயம் என்பது என் கட்சி.

வாரக்கணக்கில் எடுக்காத வண்டியை 'ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டேன்' என்று திருப்திப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. செல்ஃப் அடித்ததில் செலவான கரண்ட்டே அதில் ஒழுங்காகத் திரும்பி ஏறாது. வாரத்துக்கொரு தடவை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்பதோ உயிருக்கே உலை. புகையில் கலந்து வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. ஓட்டாமல் நிற்கிற வண்டியில் எலியும் குடித்தனம் வந்துவிடும். ஒயரைக் கடித்து வைத்தால் எந்த விளக்கு எப்போது எரியும் என்று எலிக்குத்தான் தெரியும்.

நாமே கை வைக்கக் கூடாதவையும் உண்டு. ஸ்டீயரிங் பக்கம் மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர் பேக்குக்கு உரியவை. எலெக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயிரை வாங்குகிற வோல்ட்டேஜ் கொண்டவை. ஆனால் ஒரு வேடிக்கை... எலெக்ட்ரிக் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. விளக்கு, கதவு, கம்ப்யூட்டர் எல்லாம் அதை நம்பித்தான். பெரிய பேட்டரியில் முன்னூறு கிலோமீட்டருக்கு சார்ஜ் இருந்தாலும், இந்தக் குட்டி பேட்டரி படுத்தால் வண்டி வாசலைத் தாண்டாது. "பெட்ரோல் வண்டின்னா தள்ளியாவது விடலாம்" என்று எதிர் ஃப்ளாட் தாசில்தார் அப்போதும் வந்து நிற்பார்.