கேட்பதும் பகிர்வதும்

தான் சுவைத்த இசையைப் பிறருக்கும் சொல்ல விரும்புவது இரசிகரின் இயல்பு. ஒலிநாடாக் காலத்தில் அதற்கு ஓர் எல்லை இருந்தது. விரும்பிய பாடல்களைத் தாளில் எழிதிப் பதிவுக் கடையில் கொடுப்பர். 60 நிமிட நாடாவில் பக்கத்திற்கு 30 நிமிடமே அடங்கும். ஒன்றைச் சேர்க்க மற்றொன்றை விடவேண்டும். அந்தத் தேர்வில் இரசனை வளர்ந்தது.

இன்று கைப்பேசியில் இடத்திற்குப் பஞ்சமில்லை. சேவுகம்பட்டியில் நானும் நண்பர்களும் நாள்தோறும் இசையைப் பரிமாறிக்கொள்கிறோம். ஆனால், "அருமை, கேள்!" என்பதோடு நின்றுவிடுகிறது பரிந்துரை. எதைக் கவனிக்கவேண்டும் என்பதையும் சொன்னால்தான் அது பயன் தரும்.

சான்றாக, பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பைக் கொள்வோம். திரைப்படம் சாராத அத்தொகுப்பு, தியாகராசருக்கும் செர்மானிய மேதை பாக்கிற்கும் காணிக்கையானது. வி. எஸ். நரசிம்மனின் வயலினைத் தனியே பின்தொடருங்கள்; இருவேறு இசைமரபுகள் சந்திப்பது புலப்படும். 1988இல் வெளிவந்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலை அவ்வாறே கேளுங்கள்.

எங்கள் இரசிகர் குழுவிற்குப் பனியன் சட்டை அச்சிடும் பேச்சு எழுந்தபோது, இசையமைப்பாளரின் முகமே வேண்டும் என்றனர் பலர். முன்புறம் தொகுப்பின் பெயரும் ஆண்டும், பின்புறம் வாசித்த கலைஞர்களின் பெயர்களும் இருக்கட்டும் என்பது என் கருத்து. வாசித்தவரை மறப்பது நன்றி மறப்பதன்றோ? மேலும், "யார் இவர்?" என்று வழியில் ஒருவர் கேட்டால், சட்டை அணிந்தவர் விடை சொல்லியாகவேண்டும். அதற்காகவேனும் நாம் ஊன்றிக் கேட்போம்!